வசனம் இல்லாமலும் படிக்கக் கூடிய பக்கம்

1984 ஜூலையில் சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸின் முதல் இதழ் வந்தது. பெயர் 'கத்திமுனையில் மாடஸ்டி'. பெட்டிக்கடைகளிலும் ரயில் நிலையப் புத்தகக் கடைகளிலும் காமிக்ஸுக்கு அன்று சிறுவர் பத்திரிகைகளோடுதான் இடம். ஆனால் மாடஸ்டி பிளைஸி சிறுவர்களுக்காகப் பிறந்தவள் இல்லை. 1963 மே மாதம் லண்டனின் 'ஈவினிங் ஸ்டாண்டர்ட்' மாலை நாளிதழில், வேலை முடிந்து வீடு திரும்பும் பெரியவர்களுக்காகத் தொடங்கிய தொடர் அது. பீட்டர் ஓ'டானல் எழுத, ஜிம் ஹோல்டவே வரைந்தார். எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், வளர்ந்தவர்களின் படக்கதை தமிழ்ப் பிள்ளைகளின் பள்ளிப்பைக்குள் நுழைந்துவிட்டது.

நம் பக்கம் அப்போது தினத்தந்தியில் 'கன்னித்தீவு' ஓடிக்கொண்டிருந்தது. 1960-இல் தொடங்கிய அந்தத் தொடரும் தினமும் சில கட்டங்கள்தான். ஆனால் அதில் ஒவ்வொரு கட்டமும் ஒரு நிகழ்ச்சி: ஒருவன் வந்தான், ஒருத்தி மறைந்தாள், வாள் உருவப்பட்டது. ஹோல்டவே அந்தச் சில கட்டங்களில் ஒன்றை நிகழ்ச்சியே இல்லாமல் விடுவார். மாடஸ்டி ஜன்னலோரம் நிற்பாள். பாதி முகம் கறுப்பு மையில் மூழ்கியிருக்கும். அவளுடைய கூட்டாளி வில்லி கார்வின் அவளைப் பார்ப்பான். ஒன்றும் சொல்ல மாட்டான். அவர்கள் இருவருக்கும் இடையே காதல் இல்லை, ஆனால் உயிரைக் கொடுக்கும் நெருக்கம் உண்டு. அந்த உறவை வசனத்தால் சொல்ல முயன்றால் அசட்டுத்தனமாகிவிடும். ஹோல்டவே அதை இரண்டு பேர் நிற்கும் தூரத்தில் சொன்னார். 1970-இல் அவர் இறந்து, என்ரிக் பதியா ரொமேரோ பொறுப்பேற்ற பிறகும் தொடர் நீண்ட காலம் ஓடியது. ரொமேரோவின் கோடு வழுவழுப்பானது, கண்ணுக்கு இனியது. அந்த இருட்டின் எடை மட்டும் அதில் எனக்குக் குறைவாகவே படுகிறது.

ரத்தமும் சதையும் அட்டையில் '18+' என்ற எச்சரிக்கையை வாங்கித் தரும். ஒரு படக்கதையை வளர்ந்தவர்களுடையதாக ஆக்க அவை போதாது. ஒரு கட்டத்தில் வாசகர் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதை ஓவியர் யோசித்திருக்கிறாரா என்றுதான் நான் பார்ப்பேன். குழந்தைகளின் காமிக்ஸ் அடுத்த கட்டத்துக்கு இழுக்கும். வளர்ந்தவர்களுடையது இழுக்கவும் செய்யும், பிடித்து நிறுத்தவும் செய்யும். மனநிலை என்று நாம் சொல்வது அந்தப் பிடியில்தான் உருவாகிறது.

இதைச் சோதித்துப் பார்க்க எங்கள் ஊரான நகரி நல்ல இடம். 1960 ஏப்ரலில் ஆந்திர, சென்னை மாநிலங்களின் எல்லையைத் திருத்தியபோது திருத்தணி சென்னை மாநிலத்தின் பக்கம் போயிற்று. புத்தூரும் நகரியும் ஆந்திரப் பக்கமே நின்றன. வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு என்று வளர்ந்தவர்கள் இங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். தமிழ் சரளமாகப் பேசுவார்கள்; எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொன்னால் திணறுவார்கள். அரக்கோணம் ரயிலில் வந்து சேரும் தமிழ் காமிக்ஸ் அவர்கள் கைக்கும் போகும். அவர்கள் படிப்பது படத்தை மட்டும். முடித்ததும் கதை கேட்டால், சில புத்தகங்களுக்கு ஏறக்குறைய முழுக் கதையையும் சொல்லிவிடுவார்கள். சில புத்தகங்களுக்கு 'யாரோ யாரையோ துரத்துறாங்க' என்பதோடு நின்றுவிடும். படத்துக்குள் எதுவும் இல்லாமல் எல்லாவற்றையும் வசனத்தின் தலையில் கட்டிய ஓவியர் யார், படத்தையே பேச வைத்தவர் யார் என்பது அங்கே உடனே தெரிந்துவிடும்.

படத்தால் கதை படிக்கும் பழக்கம் இந்த மண்ணுக்குப் புதிதும் இல்லை. ரேணிகுண்டா தாண்டினால் ஸ்ரீகாளஹஸ்தி. அங்கே வரையப்படும் கலம்காரித் துணிகளில் ராமாயணம் வரிசை வரிசையாக ஓடும். நடுவில் பெரிதாகப் பட்டாபிஷேகம். அதைச் சுற்றிச் சிறு சிறு கட்டங்கள். கட்டங்களுக்கு இடையிலான பட்டையில் தெலுங்கு எழுத்தில் விளக்கம். கோயிலில் தொங்கவிட்டுக் கதை சொல்வதற்கான துணி அது. மூங்கில் குச்சியைக் கூராகச் சீவி, முனைக்குச் சற்று மேலே கம்பளியோ துணியோ சுற்றி நூலால் கட்டினால் அதுதான் கலம். சுற்றியிருக்கும் துணி சாயத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். விரலால் அழுத்த அழுத்த முனைக்கு இறங்கும். கறுப்புக்குத் துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் பல நாள் புளிக்க வைப்பார்கள். கடுக்காயும் எருமைப்பாலும் ஏற்றி உலர்த்திய துணியில் அந்தச் சாறு பட்டதும் கோடு கறுக்கும். அழிக்க முடியாது. கை தயங்கினால் தயக்கமும் துணியில் பதிந்துவிடும். பத்மஸ்ரீ பெற்ற ஜொன்னலகட்டா குரப்ப செட்டியின் குடும்பம் போன்றவர்கள் தலைமுறைகளாகக் காத்த வித்தை இது. இந்தக் கோட்டின் உறுதியை நான் ஹோல்டவேயின் தூரிகையில்தான் மறுபடி பார்த்தேன்.

ஆனால் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. கலம்காரித் துணியில் வெற்றிடம் என்பதே கிடையாது. ஆள் இல்லாத இடத்தில் பூ இருக்கும், பூ இல்லாத இடத்தில் கொடி இருக்கும். கதை எல்லோருக்கும் தெரிந்தது. அடுத்து என்ன என்ற பதைப்பு யாருக்கும் இல்லை. மனநிலையும் முன்பே தீர்மானமானது: பக்தி. அந்தத் துணி நம்மை நிறுத்துகிறது, ஆனால் தனியாக விடுவதில்லை. இருபதாம் நூற்றாண்டின் படக்கதை வாசகரைத் தனியாக விடக் கற்றுக்கொண்டது. அதன் பெரிய கண்டுபிடிப்பு அதுதான் என்பேன்.

தமிழில் இதை நாம் பாதி பார்வையோடுதான் முதலில் கண்டோம். கேப்டன் டைகரை எடுத்துக்கொள்வோம். பிரெஞ்சில் அவர் பெயர் புளூபெரி. 1963-இல் 'பிலோத்' இதழில் ஷான்-மிஷெல் ஷார்லியே எழுத, ஷான் ஜிரோ வரையத் தொடங்கிய தொடர். நம் வாசகர்கள் கொண்டாடும் 'தங்கக் கல்லறை' அதில் 1972-இல் வெளிவந்த இரண்டு ஆல்பங்களின் கதை. தொலைந்துபோன ஒரு சுரங்கம், பேராசையில் நண்பனையே விட்டுப் போகும் ஜிம்மி, பாறைகளுக்குள் எங்கிருந்தோ தங்கக் குண்டால் சுடும் ஒரு மறைந்த மனிதன். ஜிரோவின் பக்கங்களில் பாலைவனம் ஒரு பாத்திரம். அகலமான கட்டம், அடியில் எறும்பளவு குதிரை வீரன், மேலே மலை. மனிதன் சிறியவன் என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

இந்தக் கதை தமிழில் முதலில் கறுப்பு வெள்ளையில் வந்தது. ஜிரோ இரவை நீல வண்ணத்தை நம்பி வரைந்த கட்டங்கள் உண்டு. வண்ணத்தை எடுத்துவிட்டுக் கோட்டை மட்டும் அச்சிட்டால் இரவு பகலாகிவிடும். பதுங்கியிருப்பவன் பட்டவர்த்தனமாக நிற்பான். பயம் போய்விடும், கதை மட்டும் மிஞ்சும். அளவைச் சுருக்கினால் அந்த எறும்பளவு வீரன் மைப்புள்ளியாகிவிடுவான். பின்னாளில் பெரிய அளவில் வண்ணத்தில் வந்தபோது பலர் அதைப் புதுக் கதை போலப் படித்தார்கள். 2012-க்குப் பின் சிவகாசியின் போக்கே மாறியது. 2013 ஜனவரியில் முத்து காமிக்ஸ் 400 ரூபாய் விலையில் 'நெவர் பிஃபோர் ஸ்பெஷல்' கொண்டுவந்தது. 1972-இல் இரும்புக்கை மாயாவி கதையோடு சௌந்தரபாண்டியன் தொடங்கிய நிறுவனம், அவருடைய மகன் எஸ். விஜயன் காலத்தில், வாசகனும் தன்னோடு வளர்ந்துவிட்டான் என்பதை விலையிலும் தாளிலும் ஒப்புக்கொண்ட தருணம் அது.

எல்லா ஓவியர்களும் கறுப்பு வெள்ளையில் ஒரே அளவு இழக்கவில்லை. 'இரத்தப் படல'த்தை வரைந்த வில்லியம் வான்ஸ் நிழலைக் கறுப்பு மையாலேயே கட்டுபவர். நினைவிழந்து கடற்கரையில் ஒதுங்கிய ஒரு மனிதன், உடம்பில் XIII என்ற பச்சை, நாட்டின் அதிபரைக் கொன்றவன் தான்தானோ என்ற சந்தேகம். ஷான் வான் ஹாம் எழுதிய அந்தக் கதையின் முழு மனநிலையும் ஐயம். பாதி இருண்ட முகங்கள் அதற்குப் போதும். தொடரின் ஒரே ஒரு ஆல்பத்தை, 2007-இல் வந்த அயர்லாந்துக் கதையை, ஜிரோ வரைந்தார். அதே நாயகன், அதே உலகம். காற்று மட்டும் வேறு. இரண்டு ஓவியர்களுக்கும் நடுவில் எது மாறியது என்று பார்க்க விரும்புகிறவர்கள் வான்ஸின் ஆல்பம் ஒன்றையும் இதையும் அருகருகே வைத்துக்கொண்டு ஒரு மாலையைச் செலவிடலாம்.

கறுப்பு வெள்ளையையே தேர்ந்துகொண்டவர்களின் கதை வேறு. மர்ஜான் சத்ரபியின் 'பெர்செபொலிஸ்' 2000-க்கும் 2003-க்கும் இடையில் பிரான்சில் நான்கு தொகுதிகளாக வந்தது. தமிழில் விடியல் பதிப்பகம் இதை 'ஈரான்' என்ற பெயரில் வெளியிட்டது. காமிக்ஸ் என்றால் ஒதுங்கிப் போகும் அரசியல் வாசகர்கள் பலரும் அதை வாங்கினார்கள். அதில் சாம்பல் நிறமே கிடையாது. ஒன்று முழுக் கறுப்பு, இல்லையென்றால் முழு வெள்ளை. போர்க்களத்துக்கு அனுப்பப்படும் ஏழைச் சிறுவர்களுக்குச் சொர்க்கத்தின் சாவி என்று பிளாஸ்டிக் சாவி கொடுக்கும் அத்தியாயம் ஒன்று. அதன் முடிவில் இரண்டு கட்டங்கள். மேலே, கண்ணிவெடியில் தூக்கி எறியப்படும் சிறுவர்களின் நிழலுருக்கள், கழுத்தில் சாவிகள் ஆட. கீழே, டெஹ்ரானில் ஒரு வீட்டு விருந்தில் வசதியான பிள்ளைகள் நடனமாடுகிறார்கள். இரண்டு கட்டங்களிலும் உடல்கள் ஒரே மாதிரி துள்ளுகின்றன, கைகால்கள் ஒரே மாதிரி விரிகின்றன. சத்ரபி எதையும் ஒப்பிட்டுச் சொல்லவில்லை. கண் மேலிருந்து கீழே இறங்கும் அந்த ஒரு நொடியில் வாசகரே ஒப்பிட்டுவிடுகிறார். பிறகு அதிலிருந்து தப்ப முடிவதில்லை. உரைநடையில் இதே காரியத்துக்கு ஒரு 'ஆனால்' தேவைப்படும். அந்த 'ஆனால்' வந்ததும் குற்றச்சாட்டு வந்துவிடும்.

கட்டத்துக்கும் கட்டத்துக்கும் இடையிலுள்ள வெள்ளைப் பட்டையில் வாசகரின் மனம்தான் வேலை செய்கிறது என்பதை ஸ்காட் மெக்ளவுட் 1993-இல் ஒரு புத்தகமாகவே, அதுவும் படக்கதை வடிவில், விளக்கினார். சத்ரபியின் அந்தப் பக்கம் அதற்கு நான் அறிந்த மிகக் கொடுமையான சான்று.

தமிழில் கிடைப்பவற்றில் மனநிலை என்ற ஒன்றுக்காக மட்டும் ஒரு நூலைக் கையில் கொடுக்கச் சொன்னால், நான் 'நிஜங்களின் நிசப்த'த்தைக் கொடுப்பேன். பிலிப் கிளோதெல் 2007-இல் எழுதிய நாவலை மனு லார்சனே 2015, 2016 ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக வரைந்தார். லயன் அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தது. போர் முடிந்த காலம், மலையடிவாரத்தில் ஒரு கிராமம். எங்கிருந்தோ ஓர் அந்நியன் குதிரையோடும் கழுதையோடும் வந்து தங்குகிறான். ஊர் ஆண்கள் ஒன்றுகூடி அவனைக் கொன்றுவிடுகிறார்கள். நடந்ததை அறிக்கையாக எழுதும் வேலை புரோடெக்கின் தலையில் விழுகிறது. வதைமுகாமிலிருந்து உயிரோடு திரும்பியவன் அவன். ஊருக்கு வேண்டியது உண்மை இல்லை; உண்மையைப் புதைக்க ஒரு காகிதம். எழுத மறுத்தால் அடுத்தது தான் என்பது அவனுக்குத் தெரியும்.

லார்சனேயின் மூல நூல் படுக்கைவசப் பக்கங்கள் கொண்டது. மலைத்தொடரும் பனியும் இடமிருந்து வலமாக நீண்டு கிடக்கும். பக்கம் பக்கமாக ஒரு சொல்லும் வராது. ஒரு மரம். அதே மரத்தில் ஒரு பறவை. பனி. ஒரு கிழவரின் முகம், கன்னத்து மடிப்பு ஒவ்வொன்றும் வயல் வரப்பு போல. மறுபடி பனி. கதை நகரவில்லையே என்று பொறுமையிழந்து புரட்டுகிறவருக்கு இந்த நூல் எதையும் தராது. நின்று பார்த்தால், அந்த முகம் எதையோ ஒளிக்கிறது என்று சந்தேகம் வரும். பிறகு ஊரே ஒளிக்கிறது என்று படும். பிறகு பனிகூட எதையோ மூடியிருக்கிறது என்ற நினைப்பு வரும். லார்சனே இந்த வரிசையில்தான் நம்மை நடத்துகிறார். வதைமுகாமின் காவலர்களை அவர் மனிதர்களாக வரையவில்லை. கருமை திரண்ட பூத உருவங்களாக வரைந்தார். மற்ற எல்லாமே இம்மி பிசகாத யதார்த்தத்தில் இருக்கும்போது அது மட்டும் யதார்த்தத்தை உடைக்கிறது. நினைத்துப் பார்க்கவும் முடியாததை புரோடெக்கின் மனம் எப்படிச் சேமித்து வைத்திருக்கிறது என்பது அந்த உடைப்பில் தெரிகிறது.

அந்நியன் கொல்லப்பட்டது ஏன்? அவன் ஊராரைப் படமாக வரைந்து, விடுதியில் காட்சிக்கு வைத்தான். யாரையும் குற்றம் சாட்டவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் ஒவ்வொருவனும் தன் படத்தில் தான் செய்ததைப் பார்த்தான். படங்களைக் கிழித்தார்கள், பிறகு அவனுடைய விலங்குகளைக் கொன்றார்கள், பிறகு அவனை. வசனம் இல்லாத படம் எவ்வளவு தூரம் போகும் என்பதைப் பற்றிய கதையை, வசனத்தை அவ்வளவு குறைத்து வரைந்த துணிச்சல் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

வெறுமையும் பனியும்தான் வழி என்று நினைத்துவிடக் கூடாது. 2011-இல் நவயானா வெளியிட்ட 'பீமாயணம்' நேர் எதிர்த் திசையில் போனது. பிறகு தமிழிலும் வந்தது. அம்பேத்கர் வாழ்வில் தண்ணீருக்கும் தங்குமிடத்துக்கும் பயணத்துக்கும் நேர்ந்த அவமதிப்புகளை பர்தான் கோண்டு ஓவியர்களான துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் வரைந்தார்கள். தங்கள் மனிதர்களைப் பெட்டிக்குள் அடைக்க அவர்கள் விரும்பவில்லை. ஆகவே கட்டங்களே இல்லை. பக்கத்தை வளைந்து நெளிந்து பிரிக்கும் கோண்டு கோலக் கோடுகள்தான் எல்லை. ரயில் பாம்பாக நெளிகிறது. 

'பீமாயண'த்தில் மனநிலை, பேச்சு பலூனில் இருக்கிறது. கனிவாகப் பேசுகிறவர்களின் சொற்கள் பறவை வடிவ பலூனில் வரும். சாதி நஞ்சைக் கக்குகிறவர்களின் பலூனுக்கு வால் தேள் கொடுக்கு. மனதுக்குள் நினைப்பதற்கு ஒரு கண் வரைந்த பலூன். எழுத்தே தெரியாதவரும் எந்தப் பேச்சு கொட்டுகிறது என்று கண்டுகொள்வார். தீண்டப்படாத குழந்தையின் தாகத்தைச் சோகமான முகம் வரைந்து காட்டுவது எளிது; அந்த ஓவியர்கள் முகத்தை விட்டுவிட்டுச் சொல்லுக்கு உடல் கொடுத்தார்கள்.

பலூன் என்றதும் தமிழ்ப் பதிப்புகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ இரண்டு சிறு சொற்கள் நின்ற பலூனில் தமிழ் வினைமுற்று ஒன்றே இடத்தை அடைத்துக்கொள்ளும். எழுத்தைச் சிறிதாக்கினால் கண் வலிக்கும். பலூனைப் பெரிதாக்கினால் படம் மறையும். நல்ல மொழிபெயர்ப்பாளர் சொல்லைக் குறைப்பார். ஆனால் கதை புரியாதோ என்ற பயத்தில் கூடுதலாக ஒரு வாக்கியம், ஓர் உவமை, ஒரு சினிமா வசனம் சேர்க்கும் வழக்கமும் நம்மிடம் உண்டு. நகைச்சுவைக் கதைக்கு அது பொருந்தும். லக்கி லூக் பேசும் தமிழுக்கு அது மெருகும் சேர்க்கும். ஓவியர் பேசாமல் விட்ட இடத்தில் அதைச் செய்வது, இழவு வீட்டில் உரக்கப் பேசுவதற்குச் சமம். எழுத்துருவும் அப்படித்தான். கணினியின் சீரான எழுத்து, கையால் இழுத்த கோட்டின் பக்கத்தில் ஒட்டாமல் நிற்கிறது. கையெழுத்தின் நடுக்கம் உள்ள தமிழ் எழுத்துருக்களை இதற்கென்றே உருவாக்குவது பெரிய செலவு பிடிக்கும் காரியமில்லை.

இந்தக் கலையைத் தென்னிந்தியாவில் யாரும் செய்து பார்க்கவில்லை என்று சொல்லவும் முடியாது. பின்னாளில் திரைப்பட இயக்குநராகப் புகழ்பெற்ற ஜி. அரவிந்தன் 1961 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் அளவில் மாத்ருபூமி வார இதழில் 'சிறிய மனிதர்களும் பெரிய உலகமும்' என்ற தொடரை மலையாளத்தில் வரைந்தார். ராமு என்ற வேலையில்லாத இளைஞன், அவனுடைய குருஜி, கோழிக்கோட்டுச் சிறு வாழ்க்கை. ஆண்டுகள் போகப்போக ராமு வயதானான், வசதியானான், நேர்மை தேய்ந்தான். வில் ஐஸ்னர் 'கடவுளோடு ஓர் ஒப்பந்த'த்தை 1978-இல் வெளியிட்டதை கிராஃபிக் நாவலின் தொடக்கமாகச் சொல்வது உலக வழக்கம். அதற்கு முன்பே கேரளத்தில் வாரம் ஒரு முறை அது நடந்துகொண்டிருந்தது.

தமிழில் குறைவது ஓவியர்கள் இல்லை. நம் வார இதழ்கள் ஓவியத்தை வளர்த்த விதம் வேறு. ஒரு கதைக்கு ஒரு படம், ஓர் அத்தியாயத்துக்கு ஒரு படம். 1950 முதல் கல்கியில் 'பொன்னியின் செல்வ'னுக்கு மணியம் வரைந்தவை ஒவ்வொன்றும் உச்சத் தருணம். அதற்கு முந்திய நொடியும் பிந்திய நொடியும் கல்கியின் உரைநடைக்கு விடப்பட்டன. கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்கு கே.எம். ஆதிமூலம் இழுத்த கோடுகளில் கரிசல் வெயிலும் அந்த மனிதர்களின் முதுமையும் அப்படியே இருக்கின்றன. லார்சனேயின் கிழவர்களுக்குப் பக்கத்தில் தயங்காமல் வைக்கலாம். ஆனால் அந்தக் கிழவர் அந்த ஒரு படத்தில் உட்கார்ந்திருக்கிறார். எழுந்து அடுத்த கட்டத்துக்கு நடக்க அவருக்குப் பக்கம் தரப்படவில்லை. லார்சனேவுக்கு முந்நூறு பக்கத்துக்கு மேல் கிடைத்தது. அதற்கான ஆண்டுகளும் அவற்றுக்கான சம்பளமும் கிடைத்தன. ஒரு தமிழ்ப் பதிப்பகம் ஓர் ஓவியருக்கு இரண்டு ஆண்டு ஊதியம் கொடுத்து, எங்கள் நகரி நெசவுத் தெருவையோ திருப்பதி பேருந்து நிலைய இரவையோ வரையச் சொன்னால் என்ன வரும் என்று பார்க்க எனக்கு மிகுந்த ஆசை.